மாடு சினைப்படாவிட்டால் எல்லாரையும் கேட்கிறோம், மனிசி சினைப்படாவிட்டால்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கள் ஞாயிறு இதழில் இப்போதெல்லாம் குழந்தைப்பேறு சிகிச்சை விளம்பரம் இல்லாத வாரமே இல்லை. எந்த நிலையத்தையும் பெயர் சொல்லிக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. சிரிக்கிற ஒரு தாய், கையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, பக்கத்தில் பெரிய எழுத்தில் வெற்றி வீதம், கீழே தொலைபேசி இலக்கம். தகப்பனைப் படத்தில் காணவில்லை. வன்னியில் பிள்ளையில்லாத வீடுகளிலும் இதே கதைதான், ஆஸ்பத்திரிக்கு அலைகிற இடமெல்லாம் மனிசி தனியாகத்தான் நிற்கிறாள்.

நான் டொக்டர் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்களில் மோட்டார் சைக்கிளின் பின்னால், உறைந்த விந்து வைக்கிற திரவ நைதரசன் கலனைக் கட்டிக்கொண்டு திரிந்து, மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்து ஓய்வுபெற்றவன். ஊரில் எங்களை மாட்டு டொக்டர் என்பார்கள், உண்மையான மிருக வைத்தியர்களுக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு. மனிசர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டு ஊசி போட்டவனுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். சரி, கேட்கட்டும். விந்தை உறைய வைத்துப் பிறகு உயிரோடு எடுக்கலாம் என்று 1949ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தது சேவலின் விந்தில். கிளிசரோல் கலந்தால் குளிரில் உயிரணு சாகாது என்று தெரிந்ததும் அந்த வித்தை மாட்டுக்கு வந்தது, 1953ல் உறைய வைத்த விந்தால் பெண்கள் கருவுற்ற செய்தியும் அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டது. சோதனைக் குழாய் விஷயத்தில் மனிசர் முந்திக்கொண்டார்கள்: உடம்புக்கு வெளியே கருக்கட்ட வைத்துப் பிறந்த முதல் பிள்ளை லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978 ஜூலை 25ல், அந்த முறையில் முதல் கன்று பிறந்தது 1981ல். இரண்டும் ஒரே கொட்டிலில் படித்த படிப்புத்தான்.

இனி நான் சொல்ல வந்தது. ஒரு பசு சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, 21 நாள் கழித்துத் திரும்பவும் வேட்கைக்கு வந்து கத்துகிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர் முதலில் கேட்பது பசுவைப் பற்றியா? இல்லவே இல்லை. எந்த நாம்பனின் ஸ்ட்ரோ (உறைந்த விந்து அடைத்த சின்னக் குழல்), போனமுறை போட்டதும் அதுதானா, கலனில் நைதரசன் குறைந்துபோய் இருந்ததா, நீங்கள் வந்த நேரம் பிந்திவிட்டதா என்று என்னைத்தான் குடைவார். அவர் குடைவதில் நியாயமும் இருக்கிறது. ஸ்ட்ரோ கிடப்பது மறை 196 பாகை குளிரில். கலனின் கழுத்துக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக உயர்த்திப் பிடித்து ‘இதா, அதா’ என்று தேடிக்கொண்டு நின்றாலே உள்ளே இருப்பது பழுதாகத் தொடங்கிவிடும். இடுக்கியால் எடுத்து, 37 பாகைச் சுடுநீரில் அரை நிமிடமளவு விட்டு, வெளியே எடுத்ததும் ஈரத்தைத் துணியால் ஒற்ற வேண்டும், ஏனென்றால் வெட்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணுக்களுக்கு ஆகாது. நுனியை வெட்டி, விந்து செலுத்துகிற துப்பாக்கியில் ஏற்றி, இடதுகையைப் பின்புறத்தால் விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் மடிப்புகளைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டு வெளியிலேயே விட்டவர்கள் போட்ட ஊசிதான் பாதி வீண்போன ஊசி. நேரமும் அப்படித்தான்: காலையில் வேட்கை கண்டால் பின்னேரம் போட வேண்டும், பின்னேரம் கண்டால் அடுத்தநாள் காலை. எருமை இன்னும் மோசம், சத்தமே போடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் விசாரித்து, தீனியையும் உப்புக்கட்டியையும் விசாரித்து, கடைசியில்தான் பசுவில் ஏதும் குறையோ என்று மிருக வைத்தியரைக் கூப்பிடுவோம். படிக்காத மனிசர்கூட இந்த ஒழுங்கைப் பிசகாமல் செய்வார்கள்.

இதே ஆட்கள் வீட்டுக்குள்ளே வந்தால் ஒழுங்கு தலைகீழ். கலியாணம் முடித்து மூன்று நாலு வருடமாகப் பிள்ளை இல்லை என்றால் விசாரணை முழுக்க மனிசியிடம். ஸ்கான் அவளுக்கு, இரத்தப் பரிசோதனை அவளுக்கு, மயக்கம் கொடுத்து வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதும் அவளுக்கு, நேர்த்தி வைத்துக் கோயில் கோயிலாக விரதம் பிடிப்பதும் அவள். மாமியார் வேறு யாரும் கேட்காத மாதிரிக் கேட்கிற கேள்வியும் அவளுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பட்டிக்காரப் பெடியன், ஊர் வேண்டாம், நல்ல உழைப்பாளி, மனிசியைக் கொழும்புக்கு மூன்று நாலு தடவை கொண்டுபோய் வந்தவன். ஒருநாள் அவன் கிடாரிக்கு ஊசி போடப் போயிருந்தேன்.

“அண்ணை, இந்தமுறை வேற நாம்பன்ர போடுங்கோ, போனமுறை போட்டது சரியில்லைப் போல.”

“அது இருக்கட்டும் தம்பி, நீ உன்ர டெஸ்டை எடுத்தியோ?”

“எனக்கென்ன அண்ணை, நான் நல்லாத்தானே இருக்கிறன்.”

நல்லாத்தான் இருந்தான், நெல்லு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவான். தோளுக்கும் விந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? பார்க்க யானை மாதிரி இருக்கிற நாம்பனிலும் விந்தை நுணுக்குக்காட்டிக்குக் கீழே பார்க்காமல் நாங்கள் சேமிப்பதில்லை. பிள்ளை தங்காத சோடிகளில் ஏறத்தாழப் பாதிக்கு ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது, தனியாகவோ மனிசியின் காரணத்தோடு சேர்ந்தோ. பரிசோதனைகளிலேயே மலிவும் இலேசும் ஆணின் விந்துப் பரிசோதனைதான். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, வெட்டுக்கொத்து இல்லை. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள்வரை இடைவெளி விட்டு, எடுத்த விந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் பார்த்தால் போதும். மனிசியின் வயிற்றில் ஓட்டை போடுவதற்கு முன்னால் இதைச் செய்தால் எத்தனை வீடுகளில் காசும் கண்ணீரும் மிஞ்சும்.

குறை இருந்தாலும் அத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. விதைப்பையின் இரத்த நாளம் புடைத்திருந்தால் சிகிச்சை உண்டு. வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கியவர், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர், குடியும் சிகரெட்டுமாக இருப்பவர் எல்லாரும் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு உயிரணு உருவாகி முதிர்ந்து வெளியே வர மூன்று மாதமளவு எடுக்கும், ஆகவே இன்றைக்குக் குடியை விட்டுவிட்டு வருகிற கிழமை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று திரும்பவும் போத்தலைத் தூக்கக் கூடாது. எண்ணிக்கை மிகக் குறைந்தவருக்கும் ஒரே ஒரு உயிரணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிற முறை இருக்கிறது, 1992ல் பிரசல்ஸில் இருந்து அறிவித்தார்கள். ஆனால் அதிலும் ஓமோன் ஊசி போடுவதும், சூலகத்தில் ஊசி குத்தி முட்டை எடுப்பதும் மனிசிக்குத்தான். குறை அவனுடையது, குத்து அவளுக்கு. அதையாவது தெரிந்துகொண்டு அவளோடு கூடப் போய் நிற்கலாமே.

அப்புறம் அந்த வெற்றி வீதம். ஊசி போட்ட மாடு 21 நாளில் திரும்பி வரவில்லை என்றால் சினை என்று எழுதிக்கொள்ளலாம், அறிக்கையில் அழகாகத்தான் இருக்கும். மூன்று மாதத்தில் கை விட்டுப் பார்க்கும்போது அந்த எண் குறையும், கன்று நிலத்தில் விழும்போது இன்னும் குறையும். பட்டிக்காரர் எண்ணுவது கன்றைத்தான். விளம்பரத்தில் வருகிற எண்பது வீதம் எதை எண்ணியது? சிறுநீர்ப் பரிசோதனையில் வந்த கோட்டையா, வீட்டுக்கு வந்த பிள்ளையையா? எந்த வயதுப் பெண்களில்? பிரித்தானியாவில் 1991லிருந்தே இதற்கென்று ஒரு சட்டபூர்வ அதிகாரசபை இருந்து ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் யாரும் பார்க்கக்கூடியதாகப் போடுகிறது. அங்கே 35 வயதுக்குக் குறைந்த பெண்களிலேயே, கருப்பையில் வைக்கிற ஒரு முளையத்துக்கு, அதாவது கருக்கட்டிய முட்டைக்கு, உயிரோடு பிள்ளை பிறப்பது மூன்றில் ஒன்றளவுதான், நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்றளவுக்கு விழுந்துவிடும். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே நிலைமை இது. இங்கே காணியை ஈடு வைத்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய், லொட்ஜில் தங்கி ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் எண்பது என்று சொல்வது நியாயமா? பணம் வாங்கி விளம்பரம் போடுகிறீர்கள், போடுங்கள், பத்திரிகை நடத்தக் காசு வேண்டும். ஆனால் அந்த எண் எதன் எண் என்று பக்கத்தில் ஒரு வரி போடச் சொல்லிக் கேட்கலாமே. சென்னைக்குப் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகட்டும், இந்தியாவில் 2021ல் வந்த சட்டப்படி ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரு தடவைதான் முட்டை தானம் செய்யலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கவும் கூடாது. அதற்கு மாறாக யாராவது பேசினால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

இதில் எழுதக் கை கூசுகிற ஒரு பகுதியும் உண்டு, ஆனாலும் எழுதாமல் விடக் கூடாது. இரண்டு மூன்று பிள்ளைகள் போதும் என்று குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துவிட்டுப் பிறகு அந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ல் முல்லைத்தீவுக் கரையில் கடல் கொண்டுபோனது, மிச்சத்தை 2009 யுத்தம். தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பிறகு, பிள்ளைகளை இழந்த தாய்மாருக்குக் கட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைக்கிற சத்திரசிகிச்சையை அரசே இலவசமாகச் செய்து கொடுத்தது. எங்கள் ஊர்களில் அப்படி ஒருவர் வீடு தேடி வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. கருக்குழாய் அடைபட்டவர்களுக்காகத்தான் சோதனைக் குழாய் முறையே வந்தது, லூயிஸ் பிரவுனின் தாய்க்கு இருந்த குறையும் அதுதான். முட்டையைச் சூலகத்திலிருந்தே எடுத்து வெளியே கருக்கட்ட வைத்துக் கருப்பையில் வைப்பதால் குழாய் வேலை செய்ய வேண்டிய தேவையே இல்லை. இது அந்தத் தாய்மாருக்கு அப்போதே தெரிந்திருந்தால் சிலருக்காவது முடிந்திருக்கும். இன்றைக்கு அவர்களில் பலர் வயதைத் தாண்டிவிட்டார்கள். அன்றைக்கு இளம் தாய்மாராக இருந்து இப்போதும் நாற்பதுக்குக் கிட்ட நிற்கிற ஓரிருவர் இருந்தால், குடும்பநல உத்தியோகத்தர்கள் அவர்களிடம் நேரே போய்ப் பேச வேண்டும், கிளினிக்குக்கு வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு என்னுடைய வேண்டுகோள் பெரிய செலவு வைக்கிறது இல்லை. சோதனைக் குழாய்க்கு ஆய்வுகூடம் கட்டுவது பிறகு பார்க்கலாம், முதலில் வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளில் விந்துப் பரிசோதனை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள். மாதிரி கொடுக்கப் பூட்டுள்ள ஒரு அறை கொடுங்கள், பொதுக் கழிவறையைக் காட்டினால் எந்த ஆம்பிளை வருவான்? கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியில் 2024ல் திறந்த பெரிய கட்டடத்துக்குப் பெண்கள் நலம் என்று பெயர், நல்லது, ஆனால் பிள்ளையில்லாத சோடிகளின் கிளினிக்கில் புருஷனும் வந்தால்தான் கொப்பி திறப்பது என்று ஒரு ஒழுங்கு வைத்தால் அரைவாசி வேலை அன்றைக்கே முடிந்துவிடும். தோட்டமும் வயலுமாக இருக்கிறவர்களுக்கு வசதியாகப் பின்னேரத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

கால்நடைத் திணைக்களத்துக்கும் ஒரு சொல், நான் வேலை செய்த காலத்திலிருந்தே மனசில் கிடப்பது. பசு சனி ஞாயிறு பார்த்து வேட்கைக்கு வருவதில்லை. விடுமுறை நாளில் கூப்பிட்டால் யார் வருவார் என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெயரும் இலக்கமும் எழுதிப் போடுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் மங்கையர் பக்கத்தில் போட வேண்டாம், அதை ஆம்பிளைகள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கிரிக்கெட் செய்திக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.