பச்சை ஆகாத பக்கம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புக் கூட்டாளிக்கு,

போன வாரம் நீ போனில் பேசினபோது இங்கே தகரத்தில் மழை கொட்டியதில் பாதி காதில் விழவில்லை. முட்டி வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியும் கோயில் மாடம் வரைக்கும் ஏறினாயாம், உன் வீட்டுக்காரம்மா என் வீட்டில் சொல்லியாகிவிட்டது.

ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. நம்முடைய லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்த இடத்தில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோயில் மட்டும் அதே மேட்டில். பின்னால் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, அந்தச் செம்பனையையும் ஒரு தடவை வெட்டி மறு நடவு செய்துவிட்டார்கள். நமக்கு வயதாகிவிட்டது என்பதை மரக்கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்கக் கணினி முன்னால் என்னடா செய்கிறாய் என்று கேட்டாயே. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். எழுத்துணரி அதைப் படித்து எழுத்தாக்கித் தருகிறது. நாம் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைச் சரிபார்த்தவனுக்கு இது பழகின வேலைதான். எழுத்துணரிக்குக் கண் கொஞ்சம் மங்கல்: துணைக்காலை (ா) 'ர' என்று படிக்கும், 'ர'வைத் துணைக்கால் என்று படிக்கும். ஔவையாரை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் பாட்டி அகப்பட மாட்டாள்.

இப்போது கையில் இருப்பது உரையோடு கூடிய ஒரு பழைய திருவாசகப் பதிப்பு. முதல் நாள் கூத்தைக் கேள். அதன் முதல் பாட்டான சிவபுராணம் 95 அடியையும் போட்டுச் சேமித்தேன். பார்த்தால் அத்தனையும் ஒரே பத்தியாகக் கஞ்சி மாதிரிக் குழைந்து கிடக்கிறது. விக்கியில் ஒரு தடவை என்டர் தட்டினால் வரி உடையாதாம். சரி, சற்றுத் தள்ளி எழுதுவோம் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விட்டேன். உடனே பெட்டி கட்டி, பழைய தட்டச்சு எழுத்தில் காட்டியது. பிறகுதான் ஒருவர், அங்கே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில், 'போயம்' (poem) குறிச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். பாட்டின் தலையிலும் காலிலும் அதைப் போட்டால் அடி அடியாக நிற்கிறது. குறிப்புகளுக்கு 'ரெஃப்' (ref) என்று இன்னொன்று. அதற்குள் வைத்தால் பாட்டில் சின்ன எண் மட்டும் தெரியும், குறிப்பு பக்கத்தின் அடிக்கு இறங்கிவிடும். சிலர் பாட்டு அடிக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டுப் பொருளைத் திணிக்கிறார்கள். சோற்றில் கல் மாதிரி, பாடுகிறவன் பல் போகும்.

இடையில் ஒரு வேலை வீணாய்ப் போனது, தப்பு என்னுடையதுதான். இன்னொரு உரையையும் சேர்க்கலாம் என்று நாற்பது பக்கம் தட்டிவிட்டேன். பாட்டு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. உரை எழுதினவர் கதை வேறு. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, நம் மலேசியாவில் 50 ஆண்டு கழியும்வரை உரிமை குடும்பத்துக்கு. அவர் காலமானது எந்த ஆண்டு என்று பார்க்காமலே தட்டியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இந்த அடிகள் மனப்பாடம்:

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகி

அச்சில் 'விருக' என்று இருந்தது. நான் உடனே 'மிருக' என்று மாற்றினேன். கோயிலில் உன் அப்பா 'மிருகமாகி' என்றுதானே பாடுவார்? அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அச்சுக் கோத்தவர் கோட்டை விட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் யாரோ ஒரு பொடியன் என் திருத்தத்தை நீக்கிவிட்டு, 'மூலத்தில் உள்ளபடி' என்று இரண்டே சொல் எழுதி வைத்திருந்தான். எனக்கு வந்த கோபத்துக்குப் பேச்சுப் பக்கத்தில் ஒரு முழம் எழுதினேன். வேறு பதிப்புகளைக் காட்டி அவன் வாயை அடைக்கலாம் என்று தேடினால், 'விருக' என்ற பாடமும் (சொல் வடிவமும்) அச்சில் இருக்கத்தான் செய்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அடிகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்று தட்டுப்பட்டது. புல்லாகி, பல்விருக, கல்லாய், வல்லசுரர், செல்லாஅ, எல்லாப் பிறப்பும். ஆறு அடியிலும் இரண்டாம் எழுத்து 'ல்'. 'பல்'லோடு 'மலர்' சேர்ந்தால் பன்மலர் ஆகிறது அல்லவா? அதே கணக்கில் 'மிருகம்' சேர்ந்தால் பன்மிருகம். எதுகை அந்த ஓர் அடியில் மட்டும் அறுந்துபோகும். 'விருகம்' என்றால் 'ல்' அசையாமல் நிற்கிறது. இது என் கணக்கு. யாப்பு உனக்குத்தான் வரும், சரியா என்று சொல்.

பொடியனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். அச்சில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வைப்பது, மாற்றுப் பாடம் இருந்தால் எந்தப் பதிப்பு என்று சொல்லிக் குறிப்பில் தருவது என்று பேசி முடித்தோம். ஆனாலும் உன் அப்பா பாடினது தப்பு என்று எழுத என் கை வரவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. யாரும் பார்க்காதது சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கினவனே பச்சையாக்க முடியாது, பொத்தானே வராது. என் பக்கங்கள் எல்லாம் மஞ்சளில் நிற்கின்றன. நீ ஒரு கணக்குத் திறந்துகொள். பயமாக இருந்தால் 'மணல்தொட்டி' என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே எதை உடைத்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

பச்சை பொத்தானைத் தொடுமுன் 'செல்லாஅ'வில் அந்த 'அ' இருக்கிறதா பார். ஓசையை நீட்டிக் காட்டும் அளபெடை தெரியாதவர்கள் தட்டச்சுப் பிழை என்று அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

இன்னொன்று. அட்டை போய் நூல் கோத்து வைத்திருந்தாரே உன் அப்பா, அந்தத் திருவாசகம் உன் வீட்டு அலமாரியில் இருக்கிறதா? அதில் 'விருக'வா 'மிருக'வா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. பதிப்பித்தவர் பெயரும் ஆண்டும் உள்ள முன்பக்கத்தையும் சேர்த்து எடு. 'மிருக' என்று இருந்தால் குறிப்பில் அந்தப் பதிப்பின் பெயரைப் போட்டுவிடலாம்.

உன் கூட்டாளி