சிரட்டைக் கரிச் சூட்டில் பிழைத்த நோட்டுகள்

அன்பானவர்களே,

வெள்ளத் தண்ணீர் வந்த கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் எங்களோடு அதற்குள்தான் நின்றீர்கள். வீட்டில் அனைவரும் நலம். அம்மா நேற்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அப்பாவின் ஐந்து நோட்டுகளில் நான்கு பிழைத்துவிட்டன. இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இன்று ஜனவரி 1. 1945-இல் இதே நாளில்தான் அசரியா அத்தியட்சர் (பிஷப்) தெலுங்கு நாட்டு டோர்னக்கலில் கண்மூடினார். அப்பா இருந்தவரை புத்தாண்டு வாழ்த்துக்கு முன்னால் அவரைப் பற்றிய பேச்சைத்தான் எடுப்பார்.

படகில் வந்து அம்மாவைத் தூக்கி இறக்கிய பிள்ளைகள், மாடியில் இடம் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்கள், அரிசியும் பாயும் சுமந்து வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், பள்ளிவாசலிலிருந்து பொட்டலம் கொண்டுவந்தவர்கள், சேறு வாரிய கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேரிலும் வந்து சொல்வேன். ஆனால் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணாச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஐந்து நோட்டுகளும் அப்பா நாற்பது வருஷமாக அத்தியட்சரைப் பற்றிச் சேர்த்த குறிப்புகள். வேறு பிரதி கிடையாது. வெயில் இல்லை, கரண்ட் இல்லை, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "என்னத்த தம்பி காயப்போடுதீங்க?" என்று கீழேயிருந்து கேட்டார் அண்ணாச்சி. சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மதியம் கரிப்பெட்டியும் ஒரு பை சிரட்டையுமாக வந்து நின்றார். பரணில் கிடந்ததால் சிரட்டை நனையவில்லையாம்.

தாளைப் பழைய வேட்டித் துணிக்கு நடுவே வைத்து முதலில் உள்ளங்கையால் ஒற்றுவார். பெட்டியைப் புறங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். அப்புறம் துணிமேல் வைத்து வைத்து எடுப்பார். "தேச்சா எழுத்து போயிரும் தம்பி." இப்படி நான்கு நாள். அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது. ஒரே ஒரு தாளின் ஓரம் பழுப்பாகிவிட்டதற்கு அவர் பட்ட வருத்தம் கொஞ்சமில்லை.

ஒவ்வொரு தாள் காய்ந்ததும் "இதுல என்ன போட்டிருக்கு?" என்பார். படித்துக் காட்டுவேன். 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துச் சபை குருவானவருக்குப் பிறந்த பிள்ளை. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக ஊர் ஊராகப் போனவர். 1903-இல் திருநெல்வேலிக்காரர்களே காசு போட்டு ஊழியர்களை அனுப்பும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறரை அனுப்பினால் போதுமா என்று 1909-இல் தானே வேலையை விட்டு, நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கலுக்குப் போனார். தெலுங்கு கற்றுக்கொண்டு மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அவரிடம் வந்தவர்களில் மிகப் பலர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவரை அத்தியட்சராக்கினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

"வெள்ளக்காரன் ஒத்துக்கிட்டானா?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, நம்மவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு என்று அப்பா எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

பிழைக்காமல் போன அந்த ஒரு நோட்டு மை பேனாவில் எழுதியது. முழுக்க நீலமாகக் கலங்கிவிட்டது. 1910 எடின்பரோ மாநாடு அதில்தான் இருந்தது. பரவாயில்லை, அந்தப் பேச்சு எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். உலகத்து மிஷனெரிகள் கூடியிருந்த அவையில் முப்பத்தைந்து வயதுக்காரர் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். சொல்லி முடித்ததும் அண்ணாச்சி பெட்டியை இறக்கி வைத்தார். "கூட உக்காந்து சாப்பிடலன்னா, என்ன குடுத்து என்ன தம்பி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருஷமாக எங்கள் துணி அவர் கையில்தான். நடையைத் தாண்டி அவர் வீட்டுக்குள் வந்தது இந்தத் தண்ணீருக்குப் பிறகுதான். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்றும் சொன்னதில்லை. அந்தப் பேச்சை மனப்பாடமாக வைத்திருந்த வீடு இது. அன்று மத்தியானம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அம்மா பரிமாறினார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நோட்டுகளை இந்த வருஷமே புத்தகமாக்குவேன், அண்ணாச்சி. பழுப்பேறிய அந்தத் தாளின் படமும் அதில் இருக்கும்.

கடைசித் தாளில் டோர்னக்கல் பேராலயம் இருந்தது. 1939-இல் பிரதிஷ்டையானது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் குவிமாடமும் சேர்ந்த கட்டடம். "இன்னும் இருக்கா அது?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "பாக்கணும்."

கோடை லீவில் போகிறோம். டிக்கெட் என் செலவு, கட்டுச்சோறு தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.