மகளுக்கு, ஆகஸ்டுக்கு முன்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆகஸ்டில் போன்வில் உப்புத்தரையில் நடக்கிற ஸ்பீட் வீக் வேக ஓட்டத்துக்கு என் பழைய ஃபயர் சூட், அதான் அந்தத் தீ தாங்கும் உடை, உனக்குப் பொருந்துமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம். சரி, போகட்டும். அது உனக்குத் தொளதொளவென்று இருக்கும், வண்டியை விட்டு வெளியே வரும்போது எங்காவது மாட்டும். ஓட்டத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டு, பெல்ட்டைக் கட்டி, யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து காட்டச் சொல்வார்கள். நம் வண்டி ரோட்ஸ்டர், கூரை கிடையாது என்பதால் கை வெளியே வீசாமல் இருக்கப் பட்டி கட்ட வேண்டும். பெல்ட் கொக்கியைத் தட்டினால் அந்தப் பட்டியும் சேர்ந்து கழல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பழகு. யார் ஓட்டப் போவது என்று நான் கேட்கவில்லை. யார் ஓட்டினாலும் இதுதான்.

இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். வழக்கம்போல நடு சிலிண்டர்கள் பக்கம்தான் சூடு. ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூன்றே புகைவாசல், நடுவில் உள்ள இரண்டுக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாக்குக்குள்ளேயே போகிற வழி. சூடாகாமல் என்ன செய்யும்? 1932இல் 65 குதிரைசக்தியோடு பிறந்த ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் V8 குடும்பம், அதனிடம் நாம் கேட்பதும் கொஞ்சநஞ்சமா! பள்ளியில் படிக்கும்போதே நீ ஒவ்வொரு வால்வுத் தண்டையும் தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்து இடைவெளி வைத்தாயே, அந்தப் பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதை உன்னிடம் சொன்னேனா, தெரியவில்லை.

போன்வில் உப்பு நீ சின்ன வயதில் பார்த்த உப்பு இல்லை. 2014, 2015 இரண்டு வருஷமும் ஸ்பீட் வீக் நடக்கவில்லை, 2022இலும் தண்ணீர் நின்று ரத்து. மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். பின்சக்கரம் வழுக்கிக்கொண்டேதான் போகும், அதனால் இஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்து நீ போடும் வேகக் கணக்கு ஒன்று, டைமிங் சீட்டில் வருவது வேறு. வால் ஆடினால் காலைச் சட்டென்று எடுக்காதே. ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடு. பிரேக்கைத் தொடாதே. பாராசூட்டைச் சீக்கிரம் இழு, வண்டி பக்கவாட்டில் திரும்பிய பிறகு இழுத்துப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது மைல் விஷயத்தை எழுதவில்லை. அன்று பின்னால் டிரக்கில் வந்தவள் நீதான்.

புதியவர்களை எடுத்த எடுப்பிலேயே மணிக்கு 200 மைல் வேகத்துக்கு விட மாட்டார்கள். முதல் படி குறைந்த வேகம், அப்புறம் ஒவ்வொரு படியாக லைசென்ஸ். அந்த விதியை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இந்த வருஷம் எனக்கு அது பிடித்திருக்கிறது.

சாதனையைத் தாண்டினாலும் வண்டியை இம்பவுண்டில், அதாவது அதிகாரிகள் காவலில், விட்டு, மறுநாள் காலை மறுபடி ஓட்டி, இரண்டின் சராசரியைத்தான் எழுதுவார்கள். காசு ஒரு பைசா வராது. "ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு ஆயுசா அப்பா?" என்று நீ கேட்டுவிட்டுப் போனாய். அதற்கப்புறம் வருகிற போன் எல்லாம் அம்மாவுக்குத்தான். இப்போது அந்தக் காகிதத்தில் உன் பேரைப் பார்க்க ஆசையா? இருந்தால் சந்தோஷம். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷம்.

வெயில் முகவாய்க்கு அடியிலும் சுடும், உப்பு திருப்பி அடிக்கும். அங்கேயும் கிரீம் தடவு. தண்ணீர் குடி. வால் ஆடினால் காலைச் சட்டென்று எடுக்காதே.

இன்னொன்று. சீட் என் காலுக்கு வெல்டு செய்தது, பாராசூட் பிடி என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். போனில் அளவு சொன்னால் சரிப்படாது, ஹெல்மெட்டோடு நீ வந்து உட்கார வேண்டும். எந்தச் சனிக்கிழமை வருகிறாய்?

அப்பா