கோபுர விளக்கைத் தாண்டினால் கும்மிருட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் இரவு ஒன்பதரை மணி இருக்கும், நாற்கரச் சாலையில் காரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பிரிவில் உயர்கோபுர மின்விளக்கு பட்டப்பகல் மாதிரி எரிகிறது. அதைத் தாண்டி நூறு மீட்டர் போனதும் ஹெட்லைட் எரிந்தும் எதிரே ஒன்றும் புலப்படவில்லை. கட்டம் போட்ட லுங்கியும் மங்கிய சட்டையுமாக ஒரு பெரியவர் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார், மட்கார்டில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் மினுங்கியதால் தப்பித்தோம். நான் ஒடித்துத் திருப்பியபோது புல் கார் கண்ணாடியில் உரசிய சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டுக்குள் போனால் கண் சுதாரிக்கவே சில விநாடி ஆகும், முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். அறுபது வயதுக்காரர் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது, எனக்கு அறுபத்து மூன்று.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்திப்பில் அவ்வளவு கொட்டிவிட்டு அடுத்த அடியிலேயே ஒன்றும் இல்லாமல் விடுவதுதான் ஆபத்து. ஐ.எஸ். 1944 என்ற இந்தியத் தர விதியே முக்கியச் சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு) கேட்பதோடு நிற்கவில்லை, மிக மங்கலான இடத்திலும் அந்தச் சராசரியில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, விளக்கு முடியும் இடத்திலும் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும்படி இன்னும் நாலைந்து கம்பம் நட்டால் என்ன?

அப்புறம், நடுத்திட்டில் வைத்த அரளிச் செடி பல இடங்களில் காய்ந்து போய்விட்டது. அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைப்பதும் அதுதான். காய்ந்த இடத்தில் மறுபடி நட வேண்டும். சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்கும் ஒளிரும் ஸ்டிக்கரை ஊர் ஊராக ஒட்டிவிட்டால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சம்பந்தப்பட்ட அதிகாரிகள் பகலில் வந்து கம்பங்களை எண்ணிவிட்டுப் போகாமல், ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு இந்தப் பிரிவைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் அவர்களே வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாற்கரச் சாலையோர ஊர் வாசகர்