தந்தையின் தலைசுற்றலைத் தீர்த்த மருத்துவருக்கு நன்றி

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால்வெட்டும் என் தந்தையின் தலைசுற்றலை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சரியாகக் கண்டறிந்து குணப்படுத்திய, பெயரைக் கேட்டபோது சிரித்தபடி அடுத்த நோயாளியைப் பார்க்கச் சென்றுவிட்ட இளம் பெண் மருத்துவருக்கு இப்பதிவின் வழியே நன்றி தெரிவிக்கிறேன்.

படுக்கையில் புரண்டாலோ, மரத்தை அண்ணாந்து பார்த்தாலோ அப்பாவுக்கு எல்லாம் சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். இரத்த அழுத்தம், பித்தம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மருத்துவரோ, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, காது இரைகிறதா, கேட்கும் திறன் குறைந்ததா என்று பொறுமையாக விசாரித்தபின், அப்பாவின் தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கண்களையே உற்றுநோக்கினார். சில நொடிகளில் கருவிழிகள் துடிக்கத் தொடங்கின. உட்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம்பெயர்ந்து தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டதன் அடையாளம் அது என்று விளக்கினார்.

அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட முறைப்படி, அத்துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவதற்காக, தலையை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, மெல்ல இடப்பக்கம் திருப்பி, உடலையும் புரட்டி, எழுப்பி உட்காரவைத்தார். ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. (ஸ்கேன் எடுக்காததை உறவினர்கள் இன்னும் குறையாகவே சொல்கிறார்கள்.) இது திரும்ப வரக்கூடும் என்பதையும், பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் அப்பாவுக்குப் புரியும்படி இருமுறை சொன்னார். அப்பா மறுபடியும் பால்வெட்டுக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தார் அனைவரின் நன்றியும் அம்மருத்துவருக்கு உரியது.