கத்தல் கேட்டு ஓடி வந்தவர்களுக்கு

தக்கோலம் மக்களுக்கு வணக்கம்.

போன மே மாதம் உங்கள் தெருக்கோடி ஓட்டு வீட்டில் 17 ராத்திரி "ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தோமே, அந்தப் படக்குழுதான் எழுதுகிறோம். படம் முடிந்துவிட்டது. சென்சாரில் யுஏ 16+ கிடைத்திருக்கிறது.

ஒரு பெண், அவளைக் கடத்தும் இரண்டு பேர், ஒரு வீடு. மூன்றே நடிகர்கள். காசில்லாதவன் எழுதிய கதை, அதை மறைப்பானேன்? ஒரே வீட்டுக்குள் எடுத்துவிட்டால் செலவு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நன்றி, முதல் நாள் ராத்திரியே 100க்குப் போன் போட்டவருக்கு. யாரென்று இன்றுவரை தெரியாது. ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தவறு. போலீஸ் வருவதற்குள் உங்களில் பத்துப் பதினைந்து பேர் கம்போடும் டார்ச்சோடும் வாசலில் நின்றீர்கள். கத்தல் கேட்டதும் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொள்வதாக ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே கிழித்துப் போட்டேன். அப்புறம் கதையில் அந்த வீட்டை ஊருக்கு வெளியே தள்ளி வைக்க வேண்டியதாகிவிட்டது.

வந்த ஏட்டையாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். படத்துக்காக நாங்கள் தயாரித்த பொய் எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பணம் கேட்டுக் கடத்தினால் 364ஏ பிரிவு என்று போட்டிருந்தோம். "அது பழைய ஐ.பி.சி. தம்பி. 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டம் பி.என்.எஸ்., அதுல 140(2)" என்றார். சிம்மை மாற்றிவிட்டு அதே போனில் பேசும் எங்கள் கடத்தல்காரனையும் விடவில்லை. "சிம்மை மாத்தினாலும் போனோட ஐ.எம்.இ.ஐ. நம்பர் மாறாதே, ஒரே நாள்ல தூக்கிடுவோம்" என்றார். அந்த ஓட்டை இப்போது கதையின் திருப்பமாகிவிட்டது.

மூச்சிரைப்பதை டப்பிங்கில் கொண்டுவர முடியாது என்று லைவ் சவுண்டில் எடுத்தோம். மே மாதத்தில் ஃபேன் கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. எங்களுக்காக நீங்களும் மோட்டாரை நிறுத்தினீர்கள். எதிர்வீட்டு அக்கா நான் "கட்" சொல்லும்வரை காத்திருந்து மாவரைத்தார்.

ரயிலை யார் நிறுத்துவது? கொல்லைப்பக்கம் அரக்கோணம் – செங்கல்பட்டு பாதை. பயணிகள் வண்டிக்காவது நேரம் உண்டு, கூட்ஸுக்கு எங்கே போய்க் கேட்பது? அதற்குத்தான் ஓய்வுபெற்ற கேட் கீப்பர் ஐயா வந்தார். திண்ணையில் மோர்ச் சொம்போடு உட்கார்ந்திருப்பார். எங்கள் மைக்குக்குக் கேட்பதற்கு முன்பே "வருது" என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை. காலி வேகனா, சரக்கு ஏற்றியதா என்பதுவரை சொல்லுவார்.

நான்காம் நாள் அவர்தான் கேட்டார்: "பொண்ணுக்குக் கண்ணைக் கட்டிட்டீங்க, வாயைக் கட்டிட்டீங்க. காதைக் கட்டலையே?" அன்றைக்குப் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதினோம். தான் எங்கே இருக்கிறோம் என்பதை அவள் வண்டிச் சத்தம் கேட்டே கண்டுபிடிக்கிறாள். டைட்டிலில் கதை உதவி என்று ஐயாவின் பெயரைப் போட்டிருக்கிறோம்.

மேக்கப் போட்ட தோழி, வாயில் ஒட்டும் டேப்பின் உள்பக்கம் மல் துணி ஒட்டிக் கொடுத்ததால் நாயகியின் முகம் தப்பித்தது. நடிப்பு எது, நிஜ வலி எது என்று தெரியாமல் போய்விடக்கூடாது என்பதற்காகக் காலால் தரையை மூன்று முறை தட்டினால் உடனே கட்டவிழ்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். அவர் தட்டியது ஒரே ஒரு தடவை. காலில் பல்லி ஏறிவிட்டதாம்.

பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்த லைட்மேன் அண்ணன்களுக்கும், மீதிப் பாதியை இன்னும் கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்து நன்றி.

வீட்டுக்கார அம்மாவுக்கு: கிளைமாக்ஸில் உடைத்த கொல்லைக் கதவு ஞாபகம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தச்சரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். அன்று சாயந்திரம் உங்கள் தெருவிலேயே திரை கட்டிப் படத்தைப் போடுகிறோம். கூட்ஸ் வந்தால் ஐயா சொல்லிவிடுவார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம்.