ஸ்கிட் ரோவில் மாணவர் தொண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்கிட் ரோ பகுதியில் வீடற்றோருக்குக் கிறிஸ்தவ மாணவர்கள் வசந்தகால விடுமுறையில் ஆற்றும் தொண்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஏறத்தாழ 50 தெருக்கட்டங்களுக்குப் பரந்துள்ள அப்பகுதியில், 1891-இல் தொடங்கப்பட்ட யூனியன் ரெஸ்க்யூ மிஷன் போன்ற அமைப்புகள் உணவும் படுக்கையும் அளிப்பதோடு, போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு நீண்டகாலப் பயிற்சியும் நடத்தி வருகின்றன என்பதைக் கட்டுரையாளர் சற்று விரிவாகச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் தங்கிச் செல்லும் மாணவர்கள், ஆண்டு முழுவதும் அங்கே உழைப்பவர்கள் இடும் வேலையை, அது பாத்திரம் கழுவுவதாயினும் நன்கொடையாக வந்த காலுறைகளைப் பிரித்து அடுக்குவதாயினும், முகம் சுளிக்காமல் செய்வதே பயனுள்ள உதவியாகும். நடைபாதையில் உறங்குபவரை அவருடைய அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிர்வது ஊழியத்தில் சேராது என்பதையும் அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நவம்பரில் கொண்டாடப்படும் நன்றி நாளிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் இத்தகைய விடுதிகளில் தொண்டர்கள் குவிகிறார்கள். விழாக்கள் முடிந்தபின் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது, தேவையோ குறைவதில்லை. எனவே, திருச்சபைகளும் கல்லூரிகளும் பயண நாட்களைத் தாமாகவே முடிவு செய்யாமல், எந்த மாதத்தில் ஆள் வேண்டும் என்று அவ்விடுதிகளிடமே கேட்டறிந்து மாணவர்களை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்